பிரெயில் டிஸ்ப்ளே: இணைப்புகளும் இணைப்புக் கோளாறுகளும்

பிரெயில் டிஸ்ப்ளே என்பது கணினியிலோ கைப்பேசியிலோ திரையில் வரும் எழுத்தை, விரலால் தடவிப் படிக்கும் புள்ளிகளாக மாற்றித் தரும் கருவி. பட்டை போன்ற அதன் முகப்பில் 14, 20, 40, 80 என்ற கணக்கில் கட்டங்கள் அடுத்தடுத்து அமைந்திருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் எட்டுச் சிறு துளைகள். அவற்றின் வழியே மெல்லிய ஊசிகள் மேலெழுந்து ஓர் எழுத்தின் வடிவைக் காட்டும். வாசகர் அடுத்த வரிக்கு நகர்ந்ததும் அதே ஊசிகள் இறங்கி வேறு வடிவில் எழும். பாரிஸ் பார்வையற்றோர் பள்ளியில் மாணவராக இருந்த லூயி பிரெயில் 1824 வாக்கில் வகுத்த எழுத்துமுறைக்கு ஆறு புள்ளிகளே. அவற்றால் 64 வடிவங்கள்தாம் கிடைக்கும். கணினி வந்தபின் அடியில் இரண்டு புள்ளிகள் சேர்ந்து வடிவங்கள் 256 ஆயின. கணினியின் ஒரு பைட்டுக்கும் 256 மதிப்புகள்தாம் என்பதால் ஒரு கட்டத்துக்கு ஒரு பைட் போதும். 80 கட்டங்கள் கொண்ட முழு வரிக்கு 80 பைட் போதும்.

இத்தனை சிறிய செய்தியைக் கணினியிலிருந்து கருவிக்கு அனுப்புவது எளிதாக இருந்திருக்க வேண்டும். ஆனால் சீரியல் கேபிள் காலம் தொட்டு புளூடூத் காலம் வரை, இக்கருவியைப் பயன்படுத்துவோர் அதிகம் அலைக்கழிந்தது இணைப்பில்தான். ஊசிகளில் அழுக்கேறுவதும் ஒன்றிரண்டு எழாமல் போவதும் உண்டு. அவற்றை விரலே கண்டுபிடித்துவிடும். இணைப்பு போனால் விரலுக்குத் தட்டுப்படுவது வெறும் சமதளம். கேபிள் கழன்றதா, டிரைவர் இல்லையா, வேறொரு மென்பொருள் போர்ட்டைப் பிடித்துக்கொண்டதா என்ற வேறுபாடு அந்தச் சமதளத்தில் தெரியாது. காரணத்தைச் சொல்லும் செய்தி திரையில் வரும். அதை வாசித்துச் சொல்ல வேண்டிய கருவிதான் நின்றுபோயிருக்கிறது. பேச்சொலியைத் துணைக்கு வைத்துக்கொள்வோர் சமாளித்துவிடுவர். காதும் கேளாத பார்வையற்றோருக்கு அந்த வழியும் இல்லை.

கணினியிலிருந்து பிரெயில் முதலில் வந்தது தாளில்தான். 1960களிலும் 1970களிலும் அமெரிக்காவில் அச்சு எழுத்தைப் பிரெயிலாக மாற்றும் நிரல்கள் பெருங்கணினிகளில் ஓடின. எம்ஐடியில் உருவான பிரெயிலெம்பாஸ் கணினியின் வெளியீட்டைத் தாளில் குத்தித் தந்தது. தாள் இல்லாமல் அழிந்து அழிந்து எழும் புள்ளிகளுக்கு வேறொரு பொறிமுறை தேவைப்பட்டது. பியர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக்கும் 1880இல் கண்ட பீசோ மின்விளைவு அதற்கு உதவியது. சில படிகங்களை அழுத்தினால் மின்னழுத்தம் பிறக்கும். மின்னழுத்தம் கொடுத்தால் அவை வளையும். ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜான் லின்வில், பார்வையற்ற தம் மகளுக்காக வடிவமைத்த ஆப்டகான் கருவியில் இந்த வளைவு 144 ஊசிகளை அதிரச் செய்தது. அது பிரெயில் காட்டவில்லை. அச்செழுத்தின் உருவத்தையே விரல் நுனியில் அதிர்வாகக் காட்டியது. ஆனால் அதை விற்க 1970இல் தொடங்கப்பட்ட டெலிசென்சரி நிறுவனமே பின்னர் பிரெயில் கருவிகளிலும் முன்னணியில் நின்றது.

1970களின் நடுவில் பிரான்சில் ஓலெக் ட்ரெத்யாகோஃபும் ஜெர்மனியில் கிளவுஸ்-பீட்டர் ஷோன்ஹெரும் தனித்தனியே மின்னால் இயங்கும் பிரெயில் கட்டங்களை உருவாக்கினர். இன்றுவரை பெரும்பாலான டிஸ்ப்ளேக்களில் இருக்கும் அமைப்பு ஏறக்குறைய அதுவே. ஒவ்வொரு ஊசிக்கும் அடியில் ஒரு மெல்லிய பீசோ பீங்கான் பட்டை நீண்டிருக்கும். சுமார் 200 வோல்ட் கொடுத்தால் அதன் நுனி சற்றே வளைந்து ஊசியை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்கும். மின்னழுத்தம் அதிகம் என்றாலும் மின்னோட்டம் மிகச் சொற்பம். அதனால்தான் பின்னாளில் யுஎஸ்பி தரும் 5 வோல்ட்டையே உள்ளுக்குள் உயர்த்திக் கருவியை ஓட்ட முடிந்தது. கட்டத்துக்கு எட்டுப் பட்டைகள் என்றால் 80 கட்டங்களுக்கு 640. விலை குறையாததற்கு இந்தக் கணக்கே முதற்காரணம்.

ட்ரெத்யாகோஃபின் டிஜிகாசெட், 1980களின் தொடக்கத்தில் பரவிய டெலிசென்சரியின் வெர்சாபிரெயில் ஆகிய இரண்டும் தாமே தனிக் கருவிகள். நூல்களும் குறிப்புகளும் ஒலிநாடா கேசட்டில் புள்ளிகளாகப் பதிவாகும். நாடா ஓடும், ஊசிகள் எழும். கணினி அவற்றுக்குக் கட்டாயமில்லை. ஆயினும் 20 கட்டங்கள் கொண்ட வெர்சாபிரெயிலில் ஒரு சீரியல் போர்ட் இருந்தது. அதைக் கணினியோடு இணைத்தால் கருவி ஒரு முனையம் போல நடந்துகொள்ளும்: கணினி அனுப்பும் எழுத்து புள்ளிகளாக வரும், கருவியில் தட்டுவது கணினிக்குப் போகும். பார்வையற்ற நிரலாளர் பலர் அலுவலகக் கணினியோடு நேரடியாக உரையாடத் தொடங்கியது இப்படித்தான். இணைப்புக் கோளாறு என்ற ஒன்றும் அன்றைக்கே தொடங்கிவிட்டது.

ஆர்எஸ்-232 என்ற சீரியல் தரம் 1960இல் டெலிபிரிண்டர், மோடம் ஆகியவற்றுக்காக வகுக்கப்பட்டது. அதில் ஒரு முனை கணினி, மறு முனை மோடம் என்ற எண்ணம் ஊறியிருந்தது. பிரெயில் கருவி இவற்றில் எந்தப் பக்கம்? ஒரு தயாரிப்பாளர் ஒரு பக்கமாக வைத்தார், இன்னொருவர் மறுபக்கமாக வைத்தார். அதனால் ஒரே போல் தோன்றும் இரண்டு கேபிள்களில் ஒன்று நேராகவும் மற்றது இரண்டாம் மூன்றாம் முள்களைக் குறுக்கே மாற்றியும் கட்டப்பட்டிருக்கும். மாற்றிச் செருகினால் இரு கருவிகளும் பேசும், எதுவும் கேட்காது. கேபிள் சரியாக இருந்தாலும் வேகம், பிட்களின் எண்ணிக்கை, சமநிலைப் பிட், நிறுத்தப் பிட் என்ற நான்கும் இருபுறமும் ஒத்திருக்க வேண்டும். ஒரு பக்கம் 9600, மறுபக்கம் 4800 என்று வைத்தால் புள்ளிகள் வரும், ஆனால் எந்த மொழியிலும் சேராத புள்ளிகள். அப்படிக் குப்பையாக வருவதும் ஒரு வகையில் நல்ல அறிகுறிதான்: கேபிள் சரி, வேகம்தான் தவறு என்று அது சொல்லிவிடும்.

1981இல் வந்த ஐபிஎம் பிசியும் அதன் டாஸ் இயங்குதளமும் பிரெயில் வாசகருக்கு எதிர்பாராத வசதி ஒன்றைத் தந்தன. அதன் திரை 25 வரிகள், வரிக்கு 80 எழுத்துகள். திரையில் தெரியும் ஒவ்வொரு எழுத்தும் நினைவகத்தின் நிலையான ஓரிடத்தில் ஒரு பைட்டாக இருக்கும். அதன் நிறம் அடுத்த பைட்டில். அந்த இடத்தைப் படித்து, வரிக்கு 80 பைட்டாக 80 கட்டக் கருவிக்கு அனுப்பினால் திரையின் ஒரு வரி அப்படியே விரலடியில் கிடைக்கும். இடைவெளி, பத்தி அமைப்பு, நெடுவரிசைக் கணக்கு எல்லாம் இடம் மாறாமல் வரும். பேச்சொலி மென்பொருளால் இன்றைக்கும் இவ்வளவு துல்லியமாகத் திரையைக் காட்ட முடிவதில்லை. கட்டங்களுக்கு மேல் வரிசையாக அமைந்த சிறு விசைகளில் ஒன்றைத் தொட்டால் கர்சர் அந்த எழுத்துக்கே ஓடி வரும். கணிப்பொறிப் பணிகளில் பார்வையற்றோர் கண்ணுள்ளோரோடு ஏறக்குறைய சமமாக நின்ற காலம் என்று அதைச் சொல்வதில் மிகை அதிகமில்லை.

அந்தக் காலத்திலும் கோளாறுகள் இருந்தன. அவை வன்பொருளின் கோளாறுகள். பிசியில் காம்1 முதல் காம்4 வரை நான்கு சீரியல் போர்ட்கள் வைக்கலாம் என்றாலும், காம்1க்கும் காம்3க்கும் ஐஆர்கியூ 4 என்ற குறுக்கீட்டுத் தடம் பொது. காம்2க்கும் காம்4க்கும் ஐஆர்கியூ 3 பொது. காம்1இல் மௌஸ், காம்3இல் பிரெயில் டிஸ்ப்ளே என்று வைத்தவரின் கருவி, மௌஸ் அசைந்த கணத்தில் உறைந்து நிற்கும். மோடம் கார்டு செருகினாலும் இதே கதி. கார்டில் உள்ள சிறு ஜம்பர்களைப் பிடுங்கி வேறிடத்தில் மாட்டுவதே தீர்வு. எந்த ஜம்பர் என்று கார்டின் மேல் மிகப் பொடியாக அச்சிட்டிருப்பார்கள். அதைப் படித்துச் சொல்லக் கண்ணுள்ளவர் ஒருவர் வேண்டும்.

1990களில் பிரெயில் குறிப்பேடுகள் பரவின. டீன் பிளேசியின் நிறுவனம் தந்த பிரெயில் லைட்டும், 2000இல் வந்த பிரெயில்நோட்டும் தாமே சிறு கணினிகள். கடிதம் எழுதலாம், முகவரி சேமிக்கலாம். கணினியோடு இணைத்தால் டிஸ்ப்ளேயாகவும் வேலை செய்யும். அதற்குக் கருவியை முனைய நிலைக்கு மாற்ற வேண்டும். மாற்ற மறந்தால் கேபிளும் மென்பொருளும் சரியாக இருந்தும் ஒன்றும் வராது. வாசகர் விரலடியில் கருவியின் சொந்தப் பட்டியல்தான் நிற்கும். கருவியின் தலைமுறைகள் எத்தனையோ மாறியும் இந்தத் தவறு மட்டும் ஓயவில்லை. இன்றைய புளூடூத் குறிப்பேடுகளிலும் முனைய நிலையில் இருக்கிறதா என்று பார்ப்பது முதல் சோதனைகளில் ஒன்று.

விண்டோஸ் வந்ததும் டாஸின் வசதி கலைந்தது. வரைகலைத் திரையில் எழுத்துக்கென்று நினைவக இடம் கிடையாது. இருப்பது புள்ளிப் படம். எழுத்து வரையப்படும் கணத்திலேயே இடைமறித்துத் தனி நகல் ஒன்றை வைத்துக்கொள்ளும் சிக்கலான வேலையை, திரையில் உள்ளதைப் பேச்சொலியாகவும் பிரெயிலாகவும் தரும் திரைவாசிப்பான்கள் செய்யத் தொடங்கின. விபத்தில் பார்வை இழந்த முன்னாள் மோட்டார்சைக்கிள் பந்தய வீரர் டெட் ஹென்டர் டாஸுக்காக உருவாக்கிய திரைவாசிப்பான் ஜாஸ், 1995 ஜனவரியில் விண்டோஸுக்கு வந்தது. இதன் பிறகு பிரெயில் டிஸ்ப்ளே கணினியோடு பேசவில்லை, திரைவாசிப்பானோடு பேசியது. ஒவ்வொரு தயாரிப்பாளரும் தம் கருவிக்கெனத் தனி உரையாடல் முறை வைத்திருந்தனர். ஒவ்வொரு திரைவாசிப்பானும் அவை ஒவ்வொன்றையும் தனித்தனியே கற்க வேண்டியிருந்தது. பத்துக் கருவிகள், ஐந்து திரைவாசிப்பான்கள் என்றால் ஐம்பது இணைப்பு நிரல்கள். அவற்றுள் எழுதப்படாமல் போனதும், எழுதிப் பழசானதும் யாரோ ஒரு வாசகரின் மேசையில் சமதளமாக நின்றன.

லினக்ஸில் வேறொரு பாதை உருவானது. 1995இல் இங்கிலாந்தில் நிகில் நாயர் தொடங்கிய பிஆர்எல்டிடிஒய், பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சேவை நிரல். எழுத்து முனையத்தின் திரையை நேரடியாகப் படித்து டிஸ்ப்ளேக்கு அனுப்பும். கணினி தொடங்கும்போதே தொடங்கிவிடும் என்பதால் இயங்குதளம் ஏறும்போது வரும் பிழைச் செய்திகளையும் விரலால் படிக்கலாம். பின்னர் டேவ் மீல்கி, நிகோலா பீத்ர், சாமுவேல் திபோ ஆகியோர் அதை வளர்த்தனர். டெபியன் லினக்ஸை நிறுவும்போதே யுஎஸ்பி பிரெயில் டிஸ்ப்ளேயைத் தானாகக் கண்டுகொள்ளும் வசதி இதனால் கிடைத்தது. ஏராளமான கருவிகளின் உரையாடல் முறைகள் ஒரே இடத்தில் திரண்டதால், திறந்த மூலமான இந்நிரல் வேறு பல இயங்குதளங்களுக்குள்ளும் புகுந்தது. ஆண்ட்ராய்டின் பிரெயில்பேக், குரோம் ஓஎஸ்ஸின் குரோம்வாக்ஸ், விண்டோஸின் நரேட்டர் ஆகிய மூன்றின் பிரெயில் வசதிக்கும் அடியில் இருந்தது இதுவே.

1996இல் அறிவிக்கப்பட்ட யுஎஸ்பி, சில ஆண்டுகளில் சீரியல் போர்ட்டை மடிக்கணினிகளிலிருந்து அகற்றியது. ஐஆர்கியூ சண்டையும் வேகப் பொருத்தமும் ஒழிந்தன. மின்சாரமும் அதே கேபிளில் வந்தது. யுஎஸ்பியில் ஒவ்வொரு கருவியும் செருகியவுடன் தன் தயாரிப்பாளர் எண்ணையும் பொருள் எண்ணையும் சொல்லும். கணினி அதைக் கொண்டு டிரைவரைத் தேடும். ஆனால் சொந்த எண் பெறச் சில ஆயிரம் டாலர் கட்ட வேண்டும், டிரைவரும் எழுத வேண்டும். ஆண்டுக்குச் சில நூறு கருவி விற்கும் சிறு நிறுவனங்களுக்கு மலிவான வழி ஒன்று இருந்தது. பழைய சீரியல் சுற்றை அப்படியே வைத்து, அதன் முன்னால் யுஎஸ்பியைச் சீரியலாக மாற்றும் ஆயத்தச் சில்லு ஒன்றைப் பதித்தால் போதும். எஃப்டிடிஐ நிறுவனத்தின் 0403:6001 என்ற எண் இப்படிப் பரவியது. ஆல்பட்ராஸ், ஹேண்டி டெக், ஹிம்ஸ், ஹேடோ என்று பல நிறுவனங்களின் கருவிகள் கணினியிடம் ஒரே பெயரைச் சொல்லின. போதாக்குறைக்கு, பிரெயிலோடு தொடர்பே இல்லாத எண்ணற்ற கருவிகளும் அதையே சொல்லின. திரைவாசிப்பான் ஒவ்வொரு முறையிலும் பேசிப் பார்த்து, எது பதில் தருகிறது என்று கண்டறிய வேண்டியதாயிற்று. இந்தச் சிக்கனம் பின்னால் யார் தலையில் விடிந்தது என்பது 2022இல் தெரியவந்தது.

கம்பியில்லா இணைப்பு முதலில் சீரியல் கேபிளின் போலியாகவே வந்தது. புளூடூத்தின் சீரியல் முறை கணினியில் ஒரு கற்பனைக் காம் போர்ட்டை உருவாக்கும். விண்டோஸ் சில வேளைகளில் உள்வருகைக்கு ஒன்று, வெளிச்செல்கைக்கு ஒன்று என இரண்டை உருவாக்கிவிடும். திரைவாசிப்பானில் உள்வருகைப் போர்ட்டைத் தேர்ந்தவருக்கு இணைப்பு ஒருபோதும் கிடைக்காது. இரு கருவிகளையும் முதன்முறை கோக்கும் பேரிங்கின்போது கேட்கும் ரகசிய எண் 0000 அல்லது 1234ஆக இருக்கும். எது என்று கையேட்டில்தான் தெரியும். பேரிங் சாவி இருபுறமும் சேமிக்கப்படுவது இன்னொரு சிக்கல். கணினியை மாற்றியமைத்தபின் ஒரு பக்கத்தில் மட்டும் சாவி அழிந்தால், டிஸ்ப்ளே தன்னை இணைந்ததாகவே நினைத்துக்கொண்டிருக்கும். இரண்டு பக்கமும் மறக்கச் செய்து புதிதாக இணைப்பதைத் தவிர வழியில்லை.

கைப்பேசிக்குப் பிரெயில் வந்ததே புளூடூத்தால்தான். 2000களில் நோக்கியாவின் சிம்பியன் பேசிகளில் டாக்ஸ், மொபைல் ஸ்பீக் போன்ற திரைவாசிப்பான்கள் இதைத் தொடங்கிவைத்தன. 2010 ஜூனில் ஐஓஎஸ் 4 வந்தபோது ஐஃபோனின் திரைவாசிப்பான் வாய்ஸ்ஓவர் 30க்கும் மேற்பட்ட கம்பியில்லா டிஸ்ப்ளேக்களை, எந்த டிரைவரும் இல்லாமல், பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஏற்றது. சட்டைப் பையில் பேசி, மடியில் 14 கட்டக் கருவி என்ற பழக்கம் அதன்பின் வந்தது. ஆனால் இங்கும் ஒரு பொறி. பேசியின் பொதுவான புளூடூத் பக்கத்தில் டிஸ்ப்ளேயின் பெயர் தெரியும். அங்கே தொட்டு இணைப்பதே எவருக்கும் தோன்றும். அப்படிச் செய்தால் பேசி அதை ஏதோ ஒரு கருவியாக ஏற்றுக்கொள்ளுமே தவிர, வாய்ஸ்ஓவரிடம் கொடுக்காமல் போகலாம். இணைக்க வேண்டிய இடம் வாய்ஸ்ஓவர் அமைப்புகளுக்குள் இருக்கும் பிரெயில் பக்கம். ஆண்ட்ராய்டில் 2012இல் வந்த பிரெயில்பேக் தனிச் செயலி. ஆண்ட்ராய்டின் திரைவாசிப்பானான டாக்பேக்கோடு சேர்த்து அதையும் நிறுவி, அதையும் தனியே இயக்கி வைக்க வேண்டியிருந்தது. பத்து ஆண்டுகள் கழித்து, டாக்பேக் 13இல்தான் டிஸ்ப்ளே ஆதரவு உள்ளேயே சேர்ந்தது.

ஒரு கருவி பல இயந்திரங்களோடு இணையலாம் என்றானதும் குழப்பத்துக்கு இன்னொரு முகம் வந்தது. ஃபோகஸ் என்ற டிஸ்ப்ளே வரிசையின் ஐந்தாம் தலைமுறை ஐந்து புளூடூத் கருவிகளையும் ஒரு யுஎஸ்பி கணினியையும் நினைவில் வைத்திருக்கும். காலையில் பேசியோடு பேசிய டிஸ்ப்ளே, மதியம் கணினியைத் திறக்கும்போதும் பேசியின் வரிசையிலேயே நிற்கலாம். அப்போது கணினியில் எதைத் திருத்தியும் பயனில்லை.

இணைப்பு முழுக்கச் சரியாக இருந்தும் கருவி கெட்டதாகத் தோன்றும் ஒரு நிலை உண்டு. தமிழ் வாசகருக்கு அது நன்கு பழக்கமானது. திரையின் எழுத்தைப் புள்ளிகளாக்குவது மாற்று அட்டவணை. பல திரைவாசிப்பான்கள் லிப்லூயி என்ற திறந்த மூல நூலகத்தின் அட்டவணைகளைப் பயன்படுத்துகின்றன. ஆங்கில அட்டவணை தேர்ந்திருக்கும்போது தமிழ் உரை வந்தால், அட்டவணைக்குத் தெரியாத ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சாய்கோடு, ஓர் எக்ஸ், அதன்பின் நான்கு இலக்க யூனிகோடு எண் என்று காட்டும். ஒரு ‘க’ ஆறேழு கட்டங்களைத் தின்னும். 20 கட்டக் கருவியில் மூன்று எழுத்துக்கு மேல் இடமிருக்காது. கேபிளை மாற்றியும் பேரிங்கைத் திரும்பச் செய்தும் இது தீராது. அட்டவணையைத் தமிழுக்கு மாற்றினால் அந்தக் கணமே தீரும். இந்திய மொழிகளுக்குப் பொதுவாக 1951இல் ஏற்கப்பட்ட பாரதி பிரெயிலைத் தமிழும் பின்பற்றுகிறது. அதில் மெய்யெழுத்தின் புள்ளிக்குரிய நான்காம் புள்ளி எழுத்துக்கு முன்னால் வரும். யூனிகோடில் புள்ளி எழுத்துக்குப் பின்னால் சேமிக்கப்படும். எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதாது, வரிசையையும் திருப்ப வேண்டும் என்பதால், நன்கு எழுதப்படாத அட்டவணையில் சொற்கள் உருக்குலைந்து வரும்.

2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் தொடங்கிய இலவசத் திரைவாசிப்பான் என்விடிஏ, கட்டண மென்பொருள் வாங்க இயலாதோரின் கணினிகளுக்கும் பிரெயிலைக் கொண்டுவந்தது. கருவியைத் தானாகக் கண்டறியும் வசதி அதில் 2018இல் சேர்ந்தது. அதுவரை பட்டியலிலிருந்து தம் கருவியின் டிரைவரையும் போர்ட்டையும் வாசகரே தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. ஒரே கணினியில் இரண்டு திரைவாசிப்பான்கள் இருந்தால் முதலில் ஓடியது போர்ட்டைப் பிடித்துக்கொள்ளும், இரண்டாவதற்குக் கருவி இல்லை என்றே தெரியும். 2017இல் மைக்ரோசாஃப்ட் தன் திரைவாசிப்பான் நரேட்டருக்குப் பிரெயில் கொடுத்தபோது இது முற்றியது. நரேட்டரின் அடியிலிருந்த பிஆர்எல்டிடிஒய் வேறு வகை யுஎஸ்பி டிரைவரைக் கேட்டது. அதை நிறுவினால் ஜாஸும் என்விடிஏவும் பயன்படுத்தி வந்த டிரைவர் இடம்பெயரும். நரேட்டரைச் சோதித்துப் பார்த்தவர்கள், பழைய திரைவாசிப்பானுக்குத் திரும்பியபோது டிஸ்ப்ளே செத்துக் கிடப்பதைக் கண்டனர். கருவி மேலாளரில் நுழைந்து டிரைவரைக் கையால் மாற்ற வேண்டியிருந்தது. பிரெயிலை மட்டும் நம்பியிருப்பவருக்கு அது ஆகாத காரியம். 2023இல்தான் விண்டோஸ் 11, திரைவாசிப்பான் மாறும்போது டிரைவரைத் தானே மாற்றத் தொடங்கியது.

அதற்கு முந்தைய ஆண்டு இதே வகைக் கோளாறு எதிர்த்திசையில் நிகழ்ந்தது. 2022 ஏப்ரலில் வந்த உபுண்டு 22.04இல் ஆர்டுயினோ, இஎஸ்பி32 போன்ற சிறு மின்னணுப் பலகைகளை வைத்து வேலை செய்வோர் திகைத்தனர். பலகையைச் செருகினால் அதன் போர்ட் ஒரு கணம் தோன்றி மறைந்தது. கர்னலின் பதிவேட்டைப் பார்த்தவர்கள் பிஆர்எல்டிடிஒய் என்ற பெயரை முதன்முறையாகக் கண்டனர். அந்தப் பலகைகள் பலவற்றில் மலிவான சிஎச்340 சில்லு உண்டு. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் பார்வையற்றோர் சேவை வாசகருக்கு இரவலாகத் தரும் ஜூமாக்ஸ் நிறுவனத்தின் பிரெயில் ரீடரும் அதே எண்ணைத்தான் சொல்லும். சேவை நிரல், பிரெயில் கருவி வந்துவிட்டதென்று போர்ட்டைக் கைப்பற்றியது. சைக்கா டிஸ்ப்ளேக்கள் பயன்படுத்தும் சிபி210எக்ஸ் சில்லுக்கும் இதே நிலை. இணையமெங்கும் பரவிய அறிவுரை ஒற்றை வரி: அந்த நிரலை நீக்கிவிடுங்கள். நீக்கியவர்களில் பெரும்பாலோர்க்கு அது எதற்கென்றே தெரியாது. பின்னர் வந்த திருத்தங்களில் அந்தப் பொது எண்களுக்கான விதிகள் விலக்கப்பட்டன. பலகைகள் பிழைத்தன, அந்தச் சில்லு பதித்த பிரெயில் கருவி வைத்திருப்போர் அதைச் செருகியதும் கிடைத்துவந்த தானியங்கி இணைப்பை இழந்தனர்.

இந்தச் சண்டைகளுக்கெல்லாம் அடிப்படைத் தீர்வு, அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே அறிவிக்கப்பட்டிருந்தது. 2018 மே மாதம் யுஎஸ்பி கூட்டமைப்பு, மைக்ரோசாஃப்ட், ஆப்பிள், கூகுள் ஆகியவற்றின் பங்கேற்போடு பிரெயில் டிஸ்ப்ளேக்கெனத் தரம் ஒன்றை வெளியிட்டது. விசைப்பலகையும் மௌஸும் எந்த டிரைவரும் கேட்காமல் இயங்குவது எச்ஐடி என்ற பொதுமுறையால். அதில் பிரெயிலுக்கெனத் தனிப் பக்கம் ஒதுக்கப்பட்டது. நான் பிரெயில் டிஸ்ப்ளே, என்னிடம் இத்தனை கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் ஆறு புள்ளி அல்லது எட்டு, இன்ன விசைகள் என்று கருவியே தன்னை விவரிக்கும். யுஎஸ்பியில் சொல்வதையே புளூடூத்திலும் சொல்லும். சில்லின் எண்ணைப் பார்த்து ஊகிக்கும் தேவை இதில் இல்லை. ஹியூமன்வேர் உருவாக்கிய மாண்டிஸ் கியூ40 போன்ற கருவிகள் இதை ஏற்றன, என்விடிஏ 2021.3 பதிப்பில் ஆதரித்தது.

தரம் வந்ததும் கோளாறு ஓயவில்லை, வடிவம் மாறியது. பழைய திரைவாசிப்பானுக்கு எச்ஐடி பிரெயில் தெரியாது. புதிய கருவிக்குப் பழைய முறை தேவைப்பட்டது. அதனால் பல கருவிகளில் எந்த முறையில் பேசுவது என்று தேரும் பட்டியல் சேர்ந்தது, தவறாகத் தேர ஒரு வாய்ப்பும் சேர்ந்தது. பல நாட்டு அமைப்புகள் கூட்டாக முயன்று 500 டாலரைச் சுற்றிய விலையில் கொண்டுவந்த ஆர்பிட் ரீடர் 20இல் இது கண்கூடு. பீசோ பட்டைகள் இல்லாத, ஊசிகள் சற்று மெதுவாக ஓசையோடு எழும் கருவி அது. புதிய கருவியைத் திரைவாசிப்பான்கள் அறிந்துகொள்ளும்வரை காத்திருக்காமல், ஏற்கெனவே எல்லோரும் அறிந்த பழைய டிஸ்ப்ளே ஒன்றின் உரையாடல் முறையைப் போலி செய்து பேச அதற்குக் கற்றுக்கொடுத்தனர். பெயர் மாறி வந்த அந்த ஏற்பாடு அறியாதோர், பட்டியலில் ஆர்பிட்டைத் தேடிச் சலித்தனர்.

விலையைக் குறைக்கும் அந்த முயற்சியில் பங்கேற்றவற்றுள் டெல்லியின் சக்ஷம் அறக்கட்டளையும் ஒன்று. பார்வையற்றோருக்கான மடிக்கணினி என்று 2019இல் டெல்லி ஐஐடி அறிமுகப்படுத்திய டாட்புக்கில் சக்ஷமோடு, சென்னையைச் சேர்ந்த ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் நிறுவனமும் இணைந்திருந்தது. டெல்லி ஐஐடியின் ஆய்வு பீசோவுக்கு மாற்றாக, சூடேறினால் பழைய வடிவுக்குத் திரும்பும் உலோகக் கலவைக் கம்பியால் ஊசிகளைத் தூக்கும் முறையை முன்வைத்தது.

ஒற்றை வரி என்ற வரம்பும் இப்போது உடைந்திருக்கிறது. அமெரிக்கன் பிரின்டிங் ஹவுஸும் ஹியூமன்வேரும் அமெரிக்கப் பார்வையற்றோர் கூட்டமைப்பும் சேர்ந்து உருவாக்கிய மோனார்க்கில் 32 கட்டங்கள் கொண்ட பத்து வரிகள் உண்டு. கொரியாவின் டாட் நிறுவனம் உருவாக்கிய ஊசித் தொழில்நுட்பம் அதில் இயங்குகிறது. வரைபடத்தையும் கணக்கையும் விரலால் ஒருசேரப் பார்க்கலாம். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக எழுதப்பட்ட இணைப்பு நிரல்கள் அனுப்பக் கற்றது ஒரே வரியை. 2018ஆம் ஆண்டின் தரத்தில் ‘பிரெயில் வரி’ என்பதும் தனி அலகாக வரையறுக்கப்பட்டிருப்பதால், பல வரிக் கருவி தன் அமைப்பைச் சொல்ல அங்கே இடம் இருக்கிறது. சொன்னதைக் கேட்டு, எந்த வரியில் எதைக் காட்டுவதென்று தீர்மானிக்கும் வேலை திரைவாசிப்பான்களுடையது.